வாட்ச்சோட முதுகைப் பாரு, மூஞ்சியைப் பார்க்காதே!

டக்!

பின்மூடி கழன்று பஞ்சுத் துணி மேல் விழுந்தது. நானும் தம்பி மகனும் ஒரே நேரத்தில் குனிந்ததில் தலையோடு தலை முட்டிக்கொண்டோம். கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில், ஒருத்தர் உட்கார்ந்தால் மற்றவர்கள் நின்றுதான் ஆக வேண்டிய அகலத்தில் ஒரு வாட்ச் ரிப்பேர் கடை. கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துச் சிரித்தார். "வெளிச்சத்த மறைக்காதபா. உள்ள இருக்கிறது எங்கயும் ஓடிடாது."

விஷயம் இதுதான். பையன் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான நந்திதுர்க் லைனில் பிறந்து வளர்ந்தவன். பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. உரிகம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில் பிடித்து, பங்காருப்பேட்டை தாண்டி, ஊரே உட்கார்ந்து தூங்கிக்கொண்டு போகும் அந்தக் கூட்டத்தில் இனி இவனும் ஒருத்தன். முதல் சம்பளத்தில் கைக்கு ஒரு வாட்ச். அங்கேதான் சிக்கல்! ஒன்று, ஓசூர் டைட்டன் மாதிரி மெல்லிசான குவார்ட்ஸ் வாட்ச்: கறுப்புத் தோல் பெல்ட், வெள்ளை டயல், சட்டைக் கைக்குள் சத்தமில்லாமல் நுழையும், விலையும் ஓரிரண்டு ஆயிரத்தில் ஆரம்பிக்கும். இன்னொன்று, கடலுக்குள் முங்குகிறவர்களுக்கென்று செய்த ஆட்டோமேட்டிக் டைவ் வாட்ச்: தடியான ஸ்டீல் செயின், சுற்றும் வளையம், இருட்டில் பச்சையாக மினுங்கும் முள், விலை அதைப் போல பல மடங்கு. போனில் இரண்டு படத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தே பையனுக்குத் தூக்கம் போய்விட்டது.

எல்லாரும் முன்பக்கத்தைப் பார்த்துத்தானே வாட்ச் வாங்குகிறோம்? டயல் பிடித்ததா, பெல்ட் பிடித்ததா, முடிந்தது. நாங்கள் முதுகைப் பார்க்கக் கிளம்பினோம். கடைக்காரர் மேஜையில் நல்ல நேரத்துக்கு இரண்டு ஜாதியும் வந்திருந்தன. செல் மாற்ற வந்த ஒரு குவார்ட்ஸ். சர்வீஸுக்கு வந்த, துபாயிலிருந்து திரும்பிய யாரோ ஒருவருடைய சீகோ டைவ் வாட்ச். எப்படியும் திறந்துதானே ஆக வேண்டும்! திறக்கும்போது பக்கத்தில் நிற்க இடம் கேட்டோம், கிடைத்தது.

முதலில் குவார்ட்ஸ்.

"இவ்ளோதானா?" பையன் முகம் விழுந்துவிட்டது. அவனைக் குறை சொல்ல முடியாது. மூடிக்குள் பாதிக்கு மேல் வெள்ளை பிளாஸ்டிக் வளையம். அதன் நடுவில் மூக்குத்திப் பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு மிஷின். ரிப்பேர்காரர்கள் பாஷையில் மிஷின் என்றால் வாட்ச்சின் உயிர்ப்பகுதி முழுக்க. வாட்ச்சின் கூட்டுக்கும் மிஷினுக்கும் நடுவில் இருக்கும் காலி இடத்தை அடைக்கத்தான் அந்த பிளாஸ்டிக். விலை குறைந்த குவார்ட்ஸ் வாட்ச்சுகள் பலவற்றில் இதுதான் உள்ளே இருக்கும் ரகசியம். பெரிய வீடு, சின்னக் குடித்தனம்.

ஆனால் கடைக்காரர் இடுக்கியின் நுனியால் ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பச்சை சர்க்யூட் ஓரத்தில் படுத்திருந்த ஒரு வெள்ளி நிறக் குழல். ஆறு மில்லிமீட்டர் நீளம் இருக்கும். "இதுக்குள்ள ஒரு கல்லு இருக்கு. அதான் இந்த வாட்ச்சுக்கு எஜமான்."

கல்! அதுவும் என்ன கல்? குவார்ட்ஸ். இந்த இடத்தில் நான் கொஞ்சம் துள்ளிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். தங்கவயலில் பிறந்தவன் குவார்ட்ஸ் என்ற பெயரைக் கேட்டுத் துள்ளாமல் எப்படி இருப்பான்? நந்திதுர்க் மைனிலும், சாம்பியன் ரீப்பிலும், மைசூர் மைனிலும், உரிகத்திலும் நம் தாத்தாக்கள் உடைத்தது அந்தக் கல்லைத்தானே! கறுத்த பாறைக்கு நடுவில் வெள்ளை நரம்பாக ஓடும் குவார்ட்ஸ். அந்த நரம்புக்குள்தான் தங்கம். நரம்பை வெட்டி, மேலே கொண்டுவந்து, மாவாக இடித்து, சயனைடில் கரைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள். மிச்சத்தைக் கொட்டினார்கள். அப்படிக் கொட்டியதுதான் இன்றைக்கும் ஊரைச் சுற்றி நிற்கும் சயனைட் மலைகள். சினிமாக்காரர்கள் வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறார்களே, அதே மலைகள். 120 வருஷத்தில் 800 டன்னுக்கு மேல் தங்கம் போனது. மிஞ்சிய கல்மாவு கோடிக்கணக்கான டன் நம்மிடமே தங்கிவிட்டது.

இன்னும் கேளுங்கள். குவார்ட்ஸ் கல்லை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று பாரிஸில் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக் கியூரியும் கண்டுபிடித்தது 1880ல். ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் கம்பெனி கோலாருக்கு வந்து சுரங்கத்தைக் கையில் எடுத்ததும் 1880ல்! ஒரே வருஷம். அங்கே இரண்டு பேர் கல்லைத் தொட்டு அதன் துடிப்பைக் கேட்டார்கள். இங்கே ஆயிரக்கணக்கானோர் அதே கல்லை உடைத்து வீசப் போகிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது.

வாட்ச்சுக்குள் இருக்கும் கல் கோலாரில் வெட்டியதில்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். சுத்தம் போதாது என்பதால் பூமிக் கல்லை யாரும் போடுவதில்லை. கொதிகலன் மாதிரி ஒரு அழுத்தக் கலத்துக்குள் பல வாரம் வைத்துச் செயற்கையாக வளர்க்கிறார்கள். அதை இரண்டு கால் உள்ள சின்னக் கவையாகச் செதுக்குகிறார்கள். செல்லிலிருந்து மின்சாரம் போனால் அந்தக் கவை நடுங்கும். எத்தனை தடவை? ஒரு விநாடிக்கு 32,768 தடவை. ஏன் இந்த விநோத எண் என்று பையனைக் கேட்டேன். இன்ஜினியரிங் படித்தவன் இல்லையா, விரலை மடக்க ஆரம்பித்தான். பாதி 16,384. அதில் பாதி 8,192. இப்படியே பாதி பாதியாக 15 தடவை மடக்கினால் கடைசியில் மிஞ்சுவது 1. விநாடிக்கு ஒரே ஒரு துடிப்பு! அந்த ஒரு துடிப்பு, தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பிச் சுருளுக்குள் போகும், ஒரு குட்டி மோட்டார் அரைச் சுற்று சுற்றும், விநாடி முள் ஒரு எட்டு வைக்கும். டிக். முடிந்தது. அடுத்த விநாடிக்கு மறுபடி 32,768 நடுக்கம்.

பையன் முகம் கொஞ்சம் நிமிர்ந்தது. "ஓ" என்றான்.

அந்தக் கல்லைப் பற்றி இவ்வளவு குதித்த பிறகு இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் லைனில் என்னைச் சேர்க்க மாட்டார்கள். இடித்த குவார்ட்ஸின் தூள்தான் மைன்ஸில் வேலை செய்தவர்களின் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்தது. சிலிகோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வார்கள், லைனில் வெறுமனே "தூசி" என்பார்கள். வாட்ச்சுக்குள் மணி சொல்லும் கல்லும் அதுதான், மாடிப்படி ஏறும்போது தாத்தாவை நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க வைத்த கல்லும் அதுதான்.

சரி, அடுத்தது!

சீகோவின் பின்மூடியில் ஒரு அலை எழும்பி நிற்கிற படம் செதுக்கியிருந்தது. இது திருகு மூடி. ஒரு கவைச் சாவியை வைத்து, மணிக்கட்டில் பலம் கொடுத்துத் திருகினார். கரகரவென்று ஒரு சத்தம். மூடி வந்ததும் முதலில் கண்ணில் பட்டது ஒரு ரப்பர் வளையம், இங்கே அதை வாஷர் என்பார்கள். "இந்த வாஷர்தான் டைவ் வாட்ச். மத்தது எல்லாம் அலங்காரம்" என்றார். அப்புறம்தான் மிஷின். ஐயோ! பிளாஸ்டிக் கிடையாது, காலி இடம் கிடையாது. அரைவட்டமாக ஒரு தடித்த உலோகத் தகடு. வாட்ச்சைச் சாய்த்தால் அது வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. கை ஆடும்போதெல்லாம் அந்த ரோட்டர் சுற்றி மெயின் ஸ்பிரிங்குக்கு முறுக்கு ஏற்றும். சாவி கொடுக்க வேண்டாம், செல் வேண்டாம், நீ நடந்தால் போதும். ரோட்டருக்குக் கீழே பேலன்ஸ் சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருந்தது. மணிக்கு 21,600 ஆட்டம், விநாடிக்கு ஆறு. அதனால்தான் இதன் விநாடி முள் எட்டு வைக்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. பல்சக்கர அச்சுகளின் முனையில் சிவப்பாகப் பொட்டு வைத்த மாதிரி செயற்கை மாணிக்கக் கற்கள், மொத்தம் 21.

பையன் பேசவில்லை. வாயைத் திறந்தபடி நின்றான். காதல் வந்துவிட்டது, எனக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டது, அவர் முகத்தில் ஒரு திருப்தி. அந்தத் திருப்தியின் காரணம் எனக்கு அப்போது புரியவில்லை.

இது 7எஸ்26 என்ற மிஷின். 1996ல் வந்த எஸ்கேஎக்ஸ்007 என்ற புகழ்பெற்ற டைவ் வாட்ச்சுக்குள் ஓடியது. 42.5 மில்லிமீட்டர் அகலம், 13 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன், 200 மீட்டர் ஆழம் தாங்கும். இப்போது சீகோ அதைச் செய்வதில்லை. அதே முகஜாடையில் சீகோ 5 ஸ்போர்ட்ஸ் என்று புதிது வருகிறதே, கவனமாகப் பாருங்கள்: வளையம் சுற்றும், பார்க்க அச்சு அசல், ஆனால் தாங்குவது 100 மீட்டர்தான், சாவியும் திருகி மூடுகிற ஜாதி இல்லை. டைவ் வாட்ச் வேஷம் போட்ட வாட்ச் அது. நல்ல வாட்ச்தான். வேஷம் வேஷம்தான்.

உண்மையான டைவ் வாட்ச்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு தர நிர்ணயம் இருக்கிறது. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதியிருக்கிற ஆழத்தை விட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதித்திருக்க வேண்டும். கும்மிருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மணி தெரிய வேண்டும். உப்புத் தண்ணீர், காந்தம், அடி எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பரீட்சை. சுற்றும் வளையம் தற்செயலாக நகர்ந்துவிடக் கூடாது, அதனால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் திரும்பும். ஏன் ஒரு பக்கம்? முங்கும்போது நிமிஷ முள்ளுக்கு நேரே வளையத்தின் குறியை வைத்துவிட்டு, எத்தனை நிமிஷம் ஆனது என்று அதைப் பார்த்துத்தான் காற்றுக் கணக்குப் போடுவார்கள். எங்கேயாவது இடித்து வளையம் நகர்ந்தாலும், அதிக நேரம் ஆகிவிட்டதாகத்தான் காட்டும். குறைவாகக் காட்டாது. சீக்கிரம் மேலே வந்தால் நஷ்டமில்லை, நேரம் கழித்து வந்தால் உயிர் போகும். என்ன மூளை பாருங்கள்! முங்கும் நேரத்தைக் கணக்கிடச் சுற்றும் வளையம் 1953லேயே பிளாங்பான் கம்பெனியின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ் வாட்ச்சில் வந்துவிட்டது.

"பெரியப்பா, நம்ம ஊரு மைன்ஸுக்கு இது சரியா இருந்திருக்கும் இல்ல? எவ்ளோ ஆழம்!" என்றான் பையன்.

கேட்டானே ஒரு கேள்வி! கடைக்காரர் லென்ஸைக் கழற்றி வைத்தார். மூன்று பேரும் ஒரு பழைய கேஷ் பில்லின் முதுகில் கணக்குப் போட ஆரம்பித்தோம்.

சாம்பியன் ரீப் மைன் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். உலகத்திலேயே மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று. நம் ஊரோ கடல் மட்டத்துக்கு மேலே முக்கால் கிலோமீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கழித்துவிட்டாலும், கேஜ் என்ற சுரங்க லிஃப்ட்டில் இறங்கிப் போனவர்கள் கடல் மட்டத்துக்குக் கீழே 2 கிலோமீட்டருக்கு மேல் போய் வேலை பார்த்திருக்கிறார்கள், தினமும், மூன்று ஷிப்ட்டாக! சாதாரணமாக ஸ்கூபா முங்குகிறவர்களுக்கு எல்லையே 40 மீட்டர்தான். அப்படியென்றால் டைவ் வாட்ச் கட்டியிருக்க வேண்டியது யார்?

யாரும் இல்லை! வேடிக்கையே அங்கேதான். ஆழம் வேறு, அழுத்தம் வேறு. தண்ணீரில் பத்து மீட்டர் இறங்கினால் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். சுரங்கத்தில் இறங்கினால் தலைக்கு மேலே இருப்பது காற்று. பாறையின் பாரத்தைப் பாறையே சுமந்துகொள்கிறது (சுமக்க முடியாமல் வெடித்த நாட்களும் உண்டு, ராக் பர்ஸ்ட் என்ற பெயரைக் கேட்டால் வயதானவர்கள் இன்றைக்கும் பேச்சை மாற்றுவார்கள்). காற்றின் பாரம் மட்டும் கணக்குப் போட்டால், 3 கிலோமீட்டர் கீழே கூடுகிற அழுத்தம் அரை வளிமண்டலம்கூட இல்லை. தண்ணீர்க் கணக்கில் சுமார் 4 மீட்டர். பேத்தமங்கலம் ஏரியில் குதித்து ஒரு முங்கு முங்கி அடிமண்ணைத் தொட்டுவிட்டு வருகிற ஆழம்! 200 மீட்டர் என்று மார்தட்டுகிற வாட்ச்சுக்கு சாம்பியன் ரீப்பின் அடித்தளத்தில் வேலையே கிடையாது. 30 மீட்டர் என்று போட்ட சாதா டிரஸ் வாட்ச்சே போதும்.

அங்கே வாட்ச்சைக் கொல்லக்கூடியது வேறு: சூடும் வியர்வையும். ஆழத்தில் பாறையே 60 டிகிரியைத் தாண்டிக் கொதிக்கும், அதனால்தான் மேலிருந்து குளிர்க்காற்றை அனுப்ப இயந்திரம் வைத்தார்கள். குவார்ட்ஸ் கவை 25 டிகிரியில் சரியாக நடுங்கும்படி செதுக்கியது. அதிலிருந்து விலக விலக மந்தமாகும். 60 டிகிரிப் பாறையில் சாய்த்து வைத்தால் ஒரு நாளைக்கு மூன்று நான்கு விநாடி பின்தங்கும். அவ்வளவுதான். வியர்வை அப்படி விடாது. உப்போடு சாவி ஓட்டை வழியாக உள்ளே போய் அமைதியாக ஆணியைத் துருப்பிடிக்க வைக்கும். "கடல்ல முங்கி வீணாப்போன வாட்ச்ச நான் பார்த்ததே இல்ல. வேர்வைல வீணாப்போனதுதான் தினம் வருது" என்றார் கடைக்காரர். அந்த வகையில் டைவ் வாட்ச்சின் வாஷருக்கும் திருகு சாவிக்கும் ஒரு மரியாதை உண்டு.

கணக்கு அங்கே முடியவில்லை. பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28ல் மூடியது. அப்புறம் பம்பு நின்றது, தண்ணீர் ஏறியது. இப்போது அந்த ஷாப்ட்டுகளுக்குள் நிற்பது தண்ணீர்! ஆக, வேலை நடந்த காலத்தில் டைவ் வாட்ச் தேவைப்படாத ஆழம், வேலை நின்ற பிறகு சாதாரண டைவ் வாட்ச் எதுவும் போதாத ஆழமாகிவிட்டது. 3 கிலோமீட்டர் தண்ணீர் என்றால் 300 வளிமண்டலம். நம் மேஜையில் இருந்த சீகோ அப்பளமாகிவிடும். 3,900 மீட்டர் தாங்கும் ரோலெக்ஸ் டீப்சீ வேண்டும் அதற்கு. அதன் விலையைப் பையனிடம் சொன்னேன். "நம்ம லைன்ல ஒரு வீடு வாங்கலாமே" என்றான்.

அடுத்தது நேரம் காட்டுகிற லட்சணம். இதில் ஆட்டோமேட்டிக் பிரியர்கள் பேச்சை மாற்றுவார்கள், விடக்கூடாது. 7எஸ்26 மிஷினுக்கு கம்பெனியே ஒத்துக்கொள்கிற விலகல் ஒரு நாளைக்கு 20 விநாடி பின்னும் 40 விநாடி முன்னும். நடைமுறையில் அதை விட நன்றாகவே ஓடும். சாதா குவார்ட்ஸ் விலகுவது மாதத்துக்கே 15, 20 விநாடிதான். உரிகம் ஸ்டேஷன் கணக்கில் சொல்கிறேன்: நாளுக்கு 20 விநாடி பின்தங்கும் வாட்ச்சைத் திருத்தாமல் விட்டால் மாதக் கடைசியில் பத்து நிமிஷம் பிந்தும். ரயில் மாரிக்குப்பத்தில் கிளம்பி, சாம்பியன் தாண்டி, உரிகம் வந்து, போயே போயிருக்கும்! அதுவும் சனிக்கிழமை காலையிலேயே கழற்றி வைத்துவிட்டால் சுமார் 40 மணி நேரத்தில் மூச்சு நின்றுவிடும், திங்கள் விடியலில் மணியும் தேதியும் கிழமையும் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். போன் இருக்கிறதே என்பான் பையன். போன்தான் இருக்கிறதே, பிறகு வாட்ச் எதற்கு என்று நான் கேட்பேன். அந்தப் பாதையில் போனால் கடைக்காரருக்குக் கோபம் வரும், விட்டுவிடுவோம்.

1969 கிறிஸ்துமஸ் அன்று சீகோ உலகத்தின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தபோது விலை 4,50,000 யென். அந்தக் காசுக்கு ஒரு டொயோட்டா கொரோலா கார் வாங்கலாம். இன்றைக்கு அதே வித்தை பிளாஸ்டிக் வாட்ச்சுக்குள் நூற்றைம்பது ரூபாய்க்கு நடைபாதையில் கிடக்கிறது. ஒரு காலத்தில் ராஜா, இப்போது ஏழை. ஆட்டோமேட்டிக்கோ நேர்மாறு, சாதாரணமாக இருந்தது இப்போது ஆசைப்பொருள்.

நம் பக்கத்து ஊர்களிலேயே இந்தச் சண்டை நடந்திருக்கிறதே! பெங்களூரில் 1961ல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி உதவியோடு எச்எம்டி வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஜனதா என்று ஒரு வாட்ச், 17 கல், தினமும் சாவி கொடுக்க வேண்டும். மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு எச்எம்டி போட்டால்தான் மரியாதை என்றிருந்த காலம். கைச்சாவி இல்லாத ஆட்டோமேட்டிக் காஞ்சன் போட்டால் இன்னும் பெரிய மரியாதை. பிறகு 1984ல் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாட்டாவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. ஓசூரில் பாக்டரி. தலைமைக்கு செர்க்சஸ் தேசாய். மெக்கானிக்கல் மேல் ஊரே உயிராக இருந்தபோது அந்த மனிதர் குவார்ட்ஸ் மேல் பந்தயம் கட்டினார். எச்எம்டியும் குவார்ட்ஸ் செய்யாமல் இல்லை, ஆனால் மனசு பல்சக்கரத்திலேயே இருந்தது. முடிவு தெரிந்ததுதான்: 2016ல் எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. ஓசூர்க்காரர்கள் 2002ல் எட்ஜ் என்று ஒரு வாட்ச் கொண்டுவந்தார்கள். மொத்தத் தடிமன் 3.5 மில்லிமீட்டர்! உள்ளே இருக்கும் மிஷின் 1.15 மில்லிமீட்டர். தங்கவயலிலிருந்து நூறு கிலோமீட்டருக்குள் இருக்கிற ஊரில் செய்தது. சுவிட்சர்லாந்துக்குப் போய் வாயைப் பிளக்க வேண்டியதில்லை, பங்காருப்பேட்டை தாண்டிப் போனால் போதும்.

பழைய எச்எம்டி மேல் ஆசை உள்ளவர்களுக்குக் கடைக்காரர் காதோடு சொன்னது: போனில் பளபளவென்று ரோஸ், பச்சை, ஆரஞ்சு டயலோடு மலிவாக வருகிற "பழைய" எச்எம்டிகள் பெரும்பாலும் மூன்று நான்கு வாட்ச்சைப் பிரித்து ஒன்றாக்கி, டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்தவை. பிறந்தபோது அந்த ஜனதாவுக்கு அந்த நிறமே கிடையாது. முதுகைத் திறந்தால் மூடி ஒரு குடும்பம், மிஷின் ஒரு குடும்பம்.

பையனுக்குக் கடைசிப் பரீட்சை வைத்தேன். ஆபீஸுக்கென்று தைத்த முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தேன். முதலில் சீகோ. துபாய்க்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், ஒரு நிமிஷம்தானே. பட்டன் போட்டால் வாட்ச் வெளியே நிற்கிறது, வாட்ச்சை உள்ளே தள்ளினால் பட்டன் போட முடியவில்லை. எலும்பும் தோலுமான அந்தக் கையில் 42 மில்லிமீட்டர் ஸ்டீல், கேஜ் கதவைக் கட்டித் தொங்கவிட்டது போல இருந்தது. குவார்ட்ஸைக் கட்டினான். சட்டைக் கை மேலே மூடியது. கையைத் தூக்கினால் வெள்ளை டயல் எட்டிப் பார்த்தது, இறக்கினால் மறைந்தது. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நாலைந்து தடவை தூக்கி இறக்கினான்.

நான் என் கட்சியைச் சொல்லிவிட்டேன். கடலை வருஷத்துக்கு ஒரு தடவை மெரினாவில் கால் நனைக்க மட்டும் பார்க்கிற ஊர்க்காரனுக்கு 200 மீட்டர் எதற்கு? ஆட்டோமேட்டிக்கின் உள்ளழகு எனக்கும் பிடித்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அழகு எப்போதும் மூடிக்குள்ளே, அதுவும் அலை படம் போட்ட கெட்டி ஸ்டீல் மூடிக்குள்ளே. பார்ப்பது ரிப்பேர்காரர் மட்டும்தான். குவார்ட்ஸுக்குள்ளே இருப்பது நம் தாத்தா உடைத்துப் போட்ட கல்லின் தங்கை முறை. முதல் சம்பளத்துக்கு அது போதும். பத்து வருஷம் கழித்து ஆசை மிச்சமிருந்தால், சொந்தக் காசு, சொந்தப் பைத்தியம், டைவ் வாட்ச் வாங்கிக்கொள்ளட்டும். அதற்குள் சட்டைக் கைக்குள் கொஞ்சம் சதையும் வந்துவிடும்.

பையன் யோசித்தான். ரோட்டரைக் கடைசியாக ஒரு தடவை சுற்றிவிடச் சொல்லிக் கேட்டான். கடைக்காரர் சுற்றிவிட்டார். சர்ர்ர் என்றது. "குவார்ட்ஸே வாங்கிக்கிறேன் பெரியப்பா" என்றான், பெருமூச்சோடு. செல் எப்போது மாற்ற வேண்டும் என்று கேட்டுக்கொண்டான். இரண்டு மூன்று வருஷம் வரும். சில வாட்ச்சில் செல் தீரப்போகும்போது விநாடி முள் நாலு நாலு எட்டாகத் தாவும், உடனே கொண்டு வா, செத்த செல்லை உள்ளேயே விட்டால் கசிந்து மிஷினைத் தின்றுவிடும் என்றார் கடைக்காரர்.

"சரிணா, ரெண்டு வருஷம் கழிச்சி வரேன்."

கடைக்காரர் சீகோவின் மூடியைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார். "ஆட்டோமேட்டிக் வாங்கியிருந்தா ஆயில், வாஷர், சர்வீஸுன்னு வருவான். ஆயிரம் ரெண்டாயிரம் நம்ம கைக்கு வரும். செல்லுக்கு இன்னா வரும்? நூறு ரூபா." பையன் பக்கம் திரும்பினார். "உங்க பெரியப்பா நல்லாப் பொழைக்கத் தெரிஞ்சவருபா, என் பொழப்பதான் கெடுத்துட்டாரு."